58 வயதில் ஓவியக் கல்லூரி: கோவை அம்மாவின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். வழக்கமாக ஓவியம் பற்றி நேயர்கள் அனுப்பும் மூன்று நான்கு கேள்விகளை எடுத்துப் பேசுவேன். இந்த வாரம் ஒன்றே ஒன்றுதான். வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை, அதனால் இதற்கு முழு நேரத்தையும் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

கோவையிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். பஞ்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. அடுத்த வருடம் 58 முடிந்து ஓய்வு. பள்ளியில் படிக்கும்போதே ஓவியக் கல்லூரிக்குப் போக ஆசை. வீட்டில் பி.காம். சேர்த்துவிட்டார்கள். அவர் கேட்டதை வாசிக்கிறேன்: "ஓய்வுக்குப் பிறகு ஓவியத்தில் பட்டப் படிப்பு சேரலாமா ஐயா? என் பையனைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் சிரிக்க மாட்டார்களா? முடிக்கும்போது எனக்கு 62 ஆகிவிடுமே?"

சரி, கடைசியிலிருந்து வருகிறேன். 62 என்றதும் எனக்கு ஜோசஃப் ஆல்பர்ஸ் என்ற ஜெர்மன் ஓவியர் ஞாபகம் வந்துவிட்டார். "மறுபடியும் ஆல்பர்ஸா" என்று பழைய நேயர்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆமாம், மறுபடியும் அவர்தான். சதுரத்துக்குள் சதுரம், அதற்குள் இன்னொரு சதுரம் என்று ஒரே அமைப்பில் நிறத்தை மட்டும் மாற்றி மாற்றி வரைந்தாரே, அந்த வரிசையை அவர் தொடங்கியது 1950-ல். அவர் பிறந்தது 1888. அப்போது அவருக்கு என்ன வயது என்று நீங்களே கணக்குப் போடுங்கள் அம்மா, அது உங்கள் தொழில். 1976-ல் இறக்கும்வரை அந்தச் சதுரங்களை விடவில்லை. ஆயிரத்துக்கும் மேல் வரைந்தார்.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஆல்பர்ஸின் 62-ஐ அல்ல, 32-ஐ. ஜெர்மனியில் அவர் பள்ளி ஆசிரியர். 1908-லிருந்து பாடம் நடத்தியவர். நடுவில் ஓவியமும் முறையாகப் படித்தவர். வைமார் நகரத்தில் பௌஹவுஸ் என்ற கலைப்பள்ளி புதிதாகத் தொடங்கியிருக்கிறது என்று தெரிந்ததும், 1920-ல் அங்கே போய் மாணவராகச் சேர்ந்தார். முதல் வகுப்பில், எல்லோரோடும். தாளை மடிப்பது, வெட்டுவது, ஒட்டுவது, கையில் கிடைத்த பொருளைத் தொட்டுப் பார்த்து வரைவது என்று போகும் அடிப்படை வகுப்பு. பத்து வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன மனிதர் அங்கே போய் அரிச்சுவடி படித்தார். வண்ணம் வாங்கக் காசில்லை. ஊர்க் குப்பைமேட்டுக்குப் போய், உடைந்த பாட்டில் கண்ணாடிகளைப் பொறுக்கி வந்து, அவற்றை ஒட்டிப் படம் செய்தார். இரண்டு மூன்று வருடத்தில் அதே அடிப்படை வகுப்பை நடத்தும் பொறுப்பு அவருக்கே வந்தது.

நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு. உங்கள் ஊரில் பிறந்தவர். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், 1911-ல் கோவையில் பிறந்தவர். குடும்பத்துக்காகத் தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு, 1936-ல் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். வயது 25. இன்றைக்கு இது ஒரு வயதே இல்லை. அன்றைக்கு, கையில் அரசாங்க உத்தியோகத்தை வைத்திருந்த ஒருவர் அதை விட்டுவிட்டுப் பென்சிலைப் பிடித்தார் என்றால் சொந்தக்காரர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 1957-ல் அந்தப் பள்ளிக்கே முதல்வர் ஆனார். 1966-ல், ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து வாழ்ந்து வேலை செய்யும் சோழமண்டலம் கலைஞர் கிராமம் சென்னைக்குப் பக்கத்தில் பிறந்தது அவருடைய முயற்சியில்.

இப்போது சிரிப்பார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். சிரிக்க மாட்டார்கள் அம்மா. நம் ஊரில் என்ன நடக்கும் என்றால், உங்களை அம்மா என்பார்கள், ஆன்ட்டி என்பார்கள். நாற்காலி எடுத்துப் போடுவார்கள். ஈசலை, அதாவது படத்தை நிறுத்தி வரைகிற மரச்சட்டத்தை, தூக்கிக்கொடுப்பார்கள். மதியம் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்வார்கள். நீங்கள் வரைந்ததைப் பார்த்து "சூப்பரா இருக்கும்மா" என்பார்கள். உங்களைவிட இருபது வயது இளைய ஆசிரியர் உங்கள் ஈசலுக்குப் பின்னால் வந்து நிற்பார், "நல்லா வருதும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பையனிடம் போவார். அந்தப் பையனிடம் கால் மணி நேரம் நின்று, "தோள் எங்கே போகுது பார், இடுப்பு எடையை எந்தக் கால் தாங்குது பார்" என்று கரித்துண்டை வாங்கி அவன் தாளின் மேலேயே போட்டுக் காட்டுவார்.

பயப்பட வேண்டியது இதற்குத்தான். கேலியைத் தாங்கிக்கொள்ளலாம், மரியாதைதான் ஆபத்து. வீட்டிலேயே வரைந்து பழகுவதைவிடக் கல்லூரியில் கூடுதலாக என்ன கிடைக்கிறது? வண்ணம் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. செய்முறை விளக்கம் வேண்டுமென்றால் காணொளி ஆயிரம் இருக்கிறது. கல்லூரியில் மட்டும் கிடைப்பது, உங்கள் படத்தைச் சுவரில் மாட்டி, பத்துப் பதினைந்து பேர் நின்று, இந்தப் படம் ஏன் எடுபடவில்லை என்று உங்கள் முகத்துக்கு நேராகப் பேசுவது. கிரிட்டிக் என்பார்கள். மரியாதை அதைத்தான் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டுவிடும். நாலு வருடம் போய் வந்து, ஒருவர்கூட உங்கள் படத்தைக் குறை சொல்லவில்லை என்றால், நீங்கள் கல்லூரிக்குப் போகவே இல்லை என்றுதான் அர்த்தம்.

என்னுடைய ஞாயிறு வகுப்புக்கு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். கிராமத்துக் காட்சிகள் வரைவார். ஒவ்வொரு படத்தையும் மாட்டிவிட்டு அதன் கருத்தை விளக்குவார். உழவு, தாய்மண், மறைந்துபோன வாழ்க்கை என்று அருமையாகப் பேசுவார். எல்லோரும் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள், கடைசியில் கைதட்டுவார்கள். படத்தில் உள்ள குறையை நானும் வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தேன், அவர் பேச்சில் அது கரைந்துபோய்விடும். ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "தாத்தா, அந்த மாட்டுக்குக் கழுத்து எங்கே?" என்று கேட்டுவிட்டாள். வகுப்பே அமைதி. அவர் படத்தின் அருகில் போய்ப் பார்த்தார். தலை நேராக உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் வரும்போது ஒரு நோட்டு முழுக்க மாட்டுக் கழுத்து. குனிந்து மேயும் கழுத்து, திரும்பி ஈ விரட்டும் கழுத்து, நுகத்தடியில் அழுந்திய கழுத்து. அன்றைக்குத்தான் அவர் மாணவர் ஆனார். அதற்கு அப்புறம் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டார். இப்போது அந்தப் பெண்தான் அவருடைய முதல் விமர்சகர், படத்தை முதலில் அவளிடம்தான் காட்டுவார்.

அமெரிக்காவில் கதை நேர் எதிராக நடந்தது. நெல் இர்வின் பெயின்டர் என்று ஒரு வரலாற்றுப் பேராசிரியர். 1942-ல் பிறந்தவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பெரிய பெயர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றில் முக்கியமான நூல்கள் எழுதியவர். ஓய்வு பெற்று, 64 வயதில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்பள்ளியில் இளங்கலை மாணவியாகச் சேர்ந்தார். நெவார்க்கில் வீடு, ரயிலில் போய் வந்தார். அதை முடித்து, ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைனில் முதுகலை ஓவியம், 2011-ல் பட்டம். இதற்கு நடுவே கலிஃபோர்னியாவில் வயதான பெற்றோரின் உடல்நிலை, எழுதி முடிக்க வேண்டிய பெரிய வரலாற்று நூல் என்று இரண்டு பக்கமும் இழுபறி. அவருக்கு யாரும் நாற்காலி எடுத்துப் போடவில்லை. நீ ஒருபோதும் கலைஞராக மாட்டாய் என்று ஓர் ஆசிரியர் முகத்துக்கு நேராகவே சொன்னார். இதைப் பின்னால் அவரே எழுதியிருக்கிறார்.

அந்த ஆசிரியர் சொன்னது சரியில்லை. ஒரு மாணவர் என்ன ஆவார் என்று ஆரூடம் சொல்வது ஆசிரியரின் வேலை இல்லை. ஆனால் பெயின்டர் அம்மா கண்டுகொண்ட இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. அவருடைய கண் பழைய நூற்றாண்டின் கண். படம் என்றால் ஒரு பொருள் இருக்க வேண்டும், ஒழுங்கு இருக்க வேண்டும், கைத்திறன் தெரிய வேண்டும் என்று பழகிய கண். வரலாற்றாசிரியர் வேறு, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் தேடும் புத்தி. கலைப்பள்ளியில் அதைத் தள்ளிவைக்கப் படாதபாடு பட்டார். அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? தள்ளிவைத்தது வேறு வழியாகத் திரும்பி வந்தது. ஆவணங்கள், வரைபடங்கள், எழுத்துகள், அழகு என்ற பெயரில் நடந்த அடிமை வியாபாரத்தின் வரலாறு, எல்லாம் அவருடைய படங்களுக்குள் பொருளாக வந்து உட்கார்ந்தன. விளக்கம் சொல்ல அல்ல, நிறமாகவும் வடிவமாகவும்.

நீங்கள் "சேரலாமா" என்று கேட்டீர்கள் அம்மா. "இத்தனை வருடம் பார்த்த வேலையை என்ன செய்வது" என்று கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

பஞ்சாலையில் கணக்கு எழுதியவர் நீங்கள். ஷேடு ஒத்துவரவில்லை என்று திரும்பி வந்த சரக்குக்கு எத்தனை கிரெடிட் நோட் போட்டிருப்பீர்கள்! விளக்கு வெளிச்சத்தில் சரியாக இருந்த நிறம் வெயிலில் வேறாகத் தெரிந்ததால் எத்தனை தகராறு பார்த்திருப்பீர்கள்! நவீன ஓவியத்தின் நிறப் பாடமே அந்த மாதிரி ஒரு புகாரிலிருந்துதான் தொடங்கியது. பாரிஸில் கோப்லேன் என்ற திரைச்சீலை ஆலை. சாயப் பிரிவுக்குத் தலைவர் ஷெவ்ரோல் என்ற வேதியியல் அறிஞர். கறுப்பு நூல் சாயம் பிடிக்கவில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்தால் மங்குகிறது என்று புகார். அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் இருக்கும் நிறம்தான் கறுப்பைக் கெடுக்கிறது. 1839-ல் அதைப் பெரிய நூலாகவே எழுதினார். ஓவியர்கள் அதைப் படித்துக்கொண்டார்கள். ஷெவ்ரோல் 102 வயது வாழ்ந்தார் என்பதையும் சொல்லிவைக்கிறேன், 62-க்குக் கவலைப்படுகிறவருக்கு உதவும்.

ஆல்பர்ஸ் வகுப்பில் கொடுத்த பயிற்சியும் இதே வேர்தான். வண்ணத் தாளில் ஒரே நிறத்தில் இரண்டு சிறு துண்டு வெட்டுங்கள். அவற்றை இரண்டு வெவ்வேறு நிறத் தாள்களின் மேல் வையுங்கள். அந்த இரண்டு துண்டும் வேறு வேறு நிறம் என்று பார்க்கிறவர் சத்தியம் செய்ய வேண்டும். சுலபம் என்று நினைப்பீர்கள், உட்கார்ந்தால் ஒரு மாலை முழுக்க ஓடிவிடும். கல்லூரி தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே செய்யுங்கள்.

ஆல்பர்ஸின் மனைவி ஆனி ஆல்பர்ஸை எப்படி மறந்தேன்! அவரும் பௌஹவுஸ் மாணவி, 1922-ல் சேர்ந்தவர். அவர் கேட்டது நெசவு இல்லை. பெண்களை நெசவுப் பட்டறைக்கே அனுப்பினார்கள், போனார், தறியில் உலகத் தரமான கலைஞர் ஆனார். 1963-ல் கணவருக்கு லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கல்லச்சுப் பட்டறையிலிருந்து அழைப்பு. கல்லில் வரைந்து தாளில் அச்செடுக்கும் கலை அது. கூடப் போனவர், அங்கே இருந்த கல்லில் தானும் வரைந்து பார்த்தார். வயது 64. அப்புறம் நெசவை மெல்ல விட்டு அச்சுக் கலைக்கே வந்துவிட்டார். ஆனால் அந்த அச்சுகளைப் பாருங்கள், கோடுகள் நூல் மாதிரி முடிச்சுப் போட்டு ஓடும். தறியை அவர் எங்கேயும் விட்டுவிட்டு வரவில்லை.

சரி, இப்போது நடைமுறை. முதலில் சேர்க்கை விளக்கக் கையேட்டை வாங்கி வயது வரம்பைப் பாருங்கள். சென்னை, கும்பகோணம் அரசுக் கவின்கலைக் கல்லூரிகள் பிளஸ் டூ முடித்தவர்களை மனதில் வைத்து நடக்கும் நான்கு வருடப் படிப்பு. அங்கே வழியில்லை என்றால் கதவு மூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். தனியார் கல்லூரி இருக்கிறது, பகுதி நேர வகுப்பு இருக்கிறது, வரைகிற ஒருவரின் பட்டறையில் வாரம் இரண்டு நாள் உட்காரலாம். ஒன்று மட்டும் பாருங்கள்: அங்கே படத்தைச் சுவரில் மாட்டிப் பேசுகிறார்களா? பேசினால் சேருங்கள். பேசாவிட்டால், சான்றிதழ் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இரண்டாவது, கண். சேர்வதற்கு முன்னால் கண் டாக்டரைப் பாருங்கள். கண்புரை வந்தால் கண்ணின் லென்ஸ் மஞ்சளடித்து, நீலம் மங்கிப்போகும். பிரெஞ்சு ஓவியர் மோனே புரையோடு வருடக்கணக்காக வரைந்து, 1923-ல்தான் அறுவை செய்துகொண்டார். அவர் காலத்து அறுவையோடு ஒப்பிட்டால் இன்றைக்கு அது சின்ன விஷயம். கண்ணாடியும் பாருங்கள். படிக்கிற கண்ணாடி புத்தகத் தூரத்துக்குப் போட்டது. ஈசல் இருப்பது கை நீட்டுகிற தூரத்தில். அந்தத் தூரத்தைச் சொல்லித் தனியாக ஒரு கண்ணாடி வாங்குங்கள். முழங்கால் வலி இருந்தால் உயரமான ஸ்டூல் ஒன்றைக் கூடவே கொண்டுபோங்கள். ஆனால் கால் மணிக்கு ஒருமுறை எழுந்து பின்னால் போய்ப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள், உட்கார்ந்தே வரைந்தால் மேல் பாதி நீண்டுபோகும்.

மூன்றாவதுதான் முக்கியம். திட்டு வாங்கப் பழகுங்கள். முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் தனியாகப் போய், "சார், என் தாளிலும் நீங்கள் கோடு போட்டுத் திருத்த வேண்டும்" என்று கேளுங்கள். கேட்காமல் அவர் செய்ய மாட்டார், அவருடைய வளர்ப்பு அப்படி. பிள்ளைகளிடம் "நல்லா இருக்கா" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "இதில் எதை அழிக்கலாம்?" என்று கேளுங்கள். "உன் கண் முதலில் எங்கே போச்சு?" என்று கேளுங்கள். அவர்கள் பேசும்போது பதில் சொல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் படத்தைப் பற்றி நீங்களும் அதே மாதிரி உள்ளதைச் சொல்லுங்கள். அம்மா கணக்கு ஆள், சுற்றி வளைக்க மாட்டார் என்று தெரிந்துவிட்டால் அவர்களும் கூச்சத்தை விட்டுவிடுவார்கள்.

சேர்ந்த பிறகு எனக்கு எழுதுங்கள் அம்மா. முதல் கிரிட்டிக்கில் என்ன சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. பாராட்டை விட்டுவிட்டு மற்றதை எழுதுங்கள். மீதிக் கேள்விகளை அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன். திருச்சியிலிருந்து ஒரு தம்பி எண்ணெய் வண்ணம் காயாமல் ஒட்டிக்கொண்டே இருப்பதாகக் கேட்டிருந்தார். தம்பி, அதற்குள் நீங்கள் எந்த எண்ணெய் கலந்தீர்கள் என்று மட்டும் எழுதி அனுப்பிவிடுங்கள். வணக்கம்.