எண் ஏறுகிறது, மருந்து வேண்டாமா?

வணக்கம், நேயர்களே.

ரத்தநோய் மருத்துவராகப் பணியாற்றும் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு. "ரத்தப் புற்றுநோய் என்கிறீர்கள். ஆனால் இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்கிறீர்கள். இது என்ன வைத்தியம், டாக்டர்?"

கேட்பவர் பெரும்பாலும் 60 வயதைக் கடந்தவர். கண்புரை அறுவை சிகிச்சைக்கு முன் ரத்தம் எடுத்துப் பார்த்திருப்பார்கள். 11,000-க்குள் இருக்க வேண்டிய வெள்ளையணு எண்ணிக்கை 30,000 என்று வந்திருக்கும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, பசியும் குறையவில்லை. அவருக்கு இருப்பது நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோய். சுருக்கமாக சி.எல்.எல். என்போம். கிருமிகளை எதிர்க்க வேண்டிய லிம்போசைட் அணுக்களில் ஒரு வகை, சாக வேண்டிய காலத்தில் சாகாமல் ரத்தத்திலும், நெறிகள் எனப்படும் நிணநீர் முடிச்சுகளிலும், மண்ணீரலிலும் சேர்ந்துகொண்டே போகிறது. மேலைநாடுகளில் பெரியவர்களிடம் அதிகம் காணப்படும் ரத்தப் புற்றுநோய் இது. நம் நாட்டில் குறைவு. அதனால்தான் இதைப் பற்றிப் பேசிக்கேட்டவர்களும் இங்கே குறைவு.

மருந்து வேண்டாம் என்று நாங்கள் சொல்வது அலட்சியத்தால் இல்லை. பிரான்சில் தொடக்க நிலை நோயாளிகள் 1,500-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1998-இல் வெளியானது. உடனே குளோராம்பியூசில் மாத்திரை தொடங்கியவர்கள், காத்திருந்தவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை. காத்திருந்தவர்களில் ஒரு பிரிவினரைப் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்தபோது, ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அதுவரை சிகிச்சையே தேவைப்படவில்லை. அது பழைய மருந்து, புதிய மருந்து வந்தால் மாறும் என்று எதிர்பார்த்தோம். இப்ருடினிப் என்ற புதிய மாத்திரையையும் தொடக்க நிலையிலேயே கொடுத்து ஜெர்மானிய மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். நோய் முற்றுவது தள்ளிப்போனது, ஆயுள் கூடவில்லை. அந்த மாத்திரை சிலருக்கு இதயத் துடிப்பைச் சீர்குலைக்கும், ரத்தக்கசிவை உண்டாக்கும். பலன் வராத காலத்தில் அந்தத் துன்பத்தையும் செலவையும் ஒருவர் தலையில் ஏன் ஏற்ற வேண்டும்?

ஆனால் இந்தக் காத்திருப்பு, ஒழுங்காகக் கண்காணித்தால்தான் வைத்தியம். என் கவலையெல்லாம் இங்கேதான். முதல் இரண்டு முறை ஒழுங்காக வருகிறார்கள். பிறகு, 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என்று நின்றுவிடுகிறார்கள். இன்னொரு சாரார் வாரம் ஒரு முறை, ஒவ்வொரு முறையும் வேறு வேறு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு, எண்ணிக்கை 2,000 கூடியதற்கெல்லாம் இரவு முழுவதும் தூங்காமல் கிடக்கிறார்கள். இரண்டாவது சாராருக்கு ஒன்று சொல்கிறேன்: வெள்ளையணு எண்ணிக்கை ஒரு லட்சம் ஆனாலும், அந்த எண்ணை மட்டும் வைத்து நாங்கள் சிகிச்சை தொடங்குவதில்லை. சளி பிடித்த வாரத்தில் அது கூடும். மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தாலும் கூடும். நாங்கள் பார்ப்பது அது ஏறும் வேகத்தை. ஆறு மாதத்துக்குள் இரண்டு மடங்கானால் கவனிக்கிறோம். அதைவிடக் கவனமாகப் பார்ப்பது ஹீமோகுளோபினையும், பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்களையும். ஜோத்பூரில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் கான்டி ராய் 1975-இல் இந்த நோய்க்கு வகுத்த நிலைகளை இன்றும் உலகெங்கும் பயன்படுத்துகிறோம். அதில் நெறி வீக்கம், மண்ணீரல் வீக்கம், ரத்தசோகை, தட்டணுக் குறைவு என்று படி ஏறுகிறதே தவிர, வெள்ளையணு எத்தனை ஆயிரம் என்பதற்குத் தனிப் படி கிடையாது.

எனவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, வெள்ளையணு, லிம்போசைட், ஹீமோகுளோபின், தட்டணு, உடல் எடை. முடிந்தவரை ஒரே கூடத்தில் பரிசோதனை. மருத்துவர் மாறினாலும், மகன் வீட்டுக்கு ஊர் மாறிப் போனாலும் அந்த நோட்டு கூடவே வரட்டும். நான்கு ஆண்டு எண்களை ஒரே பக்கத்தில் பார்க்கும்போது எனக்குக் கிடைக்கும் தெளிவு, விலை உயர்ந்த எந்த ஸ்கேனிலும் கிடைப்பதில்லை.

அடுத்த தேதிக்குக் காத்திராமல் உடனே வரவேண்டிய நேரங்களும் உண்டு. ஆறு மாதத்தில் உடல் எடை பத்தில் ஒரு பங்கு தானாகக் குறைந்தால். கிருமித் தொற்று எதுவும் இல்லாமல் காய்ச்சல் நீடித்தால். இரவில் உடை மாற்றும் அளவுக்கு வியர்த்தால். இடது விலா எலும்புக்குக் கீழே பாரமாக இருந்து, இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிட்டால். ஒரு நெறி மட்டும் திடீரென்று வேகமாக வீங்கினால். கண்கள் மஞ்சளாகி, படியேற மூச்சு வாங்கினால் அன்றே வாருங்கள். சிலருக்கு உடல் தன் சிவப்பணுக்களைத் தானே அழிக்கத் தொடங்கிவிடும்.

கிருமித் தொற்றை நான் இந்தப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம், அதைத் தனியாக அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதுதான். எண்ணிக்கையில் நிறைய வெள்ளையணுக்கள் இருந்தும் அவை காவல் காப்பதில்லை. நிமோனியாவும் அக்கியும் இவர்களை எளிதில் பிடிக்கும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் கஷாயம் குடித்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நிமோகாக்கல் தடுப்பூசியும், ஆண்டுதோறும் ஃபுளூ தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள். உயிருள்ள கிருமியைக் கொண்டு செய்த தடுப்பூசிகள் மட்டும் கூடாது. கோதுமைப்புல் சாறு, பப்பாளி இலைச் சாறு என்று யாராவது சொன்னால், அவற்றால் இந்த நோய் குறைந்ததற்குச் சான்று இல்லை என்பதை அறிந்துகொள்ளுங்கள். எதைச் சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சிகிச்சை வேண்டிய நாள் வந்தால், முதலில், அணுக்கள் கட்டுமீறாமல் காக்கும் பி53 மரபணுவில் கோளாறு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். 2014 முதல் வந்த மாத்திரைகள், முன்பு எந்த மருந்துக்கும் கட்டுப்படாத நோயாளிகளுக்கும் பல ஆண்டுகளைத் தந்திருக்கின்றன.

வீட்டாருக்கும் ஒரு சொல். அப்பாவிடம் சொல்லாமல் மறைத்து, 'ரத்தத்தில் கொஞ்சம் கிருமி' என்று சமாளித்து அழைத்து வருகிறீர்கள். தன் நோய் என்னவென்று தெரியாதவர், இரவு வியர்வையை வெயிலின் மேல் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். நீங்கள் சொல்லத் தயங்கினால் அழைத்து வாருங்கள்; நான் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்கிறேன். சொன்ன பிறகு உடைந்துபோனவர்களைவிட, 'சரி, அடுத்து எப்போது வரவேண்டும்?' என்று கேட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.