லூசில் பால்: ஒரு காமெடி நடிகை தொலைக்காட்சியை மாற்றிய கதை

[திரையில்: கறுப்பு வெள்ளைக் காட்சி. சாக்லேட் தொழிற்சாலையில் ஓடும் பெல்ட். வெள்ளைத் தொப்பியோடு இரண்டு பெண்கள்.]

வணக்கம். இந்தக் காட்சி படமாகி எழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றும் பார்க்கலாம், இன்றும் சிரிப்பு வரும். அதெல்லாம் சரி, ஆனால் இது எப்படி இன்றுவரை இருக்கிறது என்பதுதான் உண்மையில் ஆச்சரியப்பட வேண்டிய விஷயம். 1951-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நேரலையில் போயின. அன்று இரவு பார்த்தால் உண்டு, விட்டால் போச்சு. அந்த வழக்கம் மாறியதில் பெரிய பங்கு லூசில் பால் என்ற நடிகைக்கும் அவர் கணவர் டெசி ஆர்னாஸுக்கும் உண்டு. தங்கள் கல்யாணம் உடையாமல் இருக்க வேண்டும் என்று இருவரும் பிடித்த பிடிவாதத்தில்தான் அது தொடங்கியது.

[திரையில்: ஜேம்ஸ்டவுன், நியூயார்க் மாநிலம். பழைய புகைப்படங்கள்.]

லூசில் பால் 1911 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் பிறந்தார். அப்பா தொலைபேசி நிறுவனத்தில் கம்பி இழுக்கும் வேலை பார்த்தவர். லூசிலுக்கு மூன்று வயதாகும்போது டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். அப்போது அம்மா கர்ப்பமாக இருந்தார். பிறகு லூசிலும் தம்பியும் பெரும்பாலும் வளர்ந்தது பக்கத்து ஊரான செலரனில், அம்மாவின் பெற்றோர் வீட்டில்.

இந்தத் தாத்தாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார். மர வேலை செய்தவர், தொழிலாளர் பக்கம் தீவிரமாக நின்றவர், பேத்தி மேல் உயிரையே வைத்திருந்தவர். 1927-ல் இவர்கள் வீட்டுக் கொல்லையில், இவர் மேற்பார்வையில் பிள்ளைகள் துப்பாக்கி சுடப் பழகும்போது, அக்கம்பக்கத்துச் சிறுவன் ஒருவன் மேல் குண்டு பாய்ந்து அவன் முடமாகிவிட்டான். வழக்கு நடந்தது. வீடு கையை விட்டுப் போயிற்று.

அதற்கு முன்பே லூசில் நியூயார்க் நகரத்து நாடகப் பள்ளி ஒன்றில் சேர்ந்திருந்தார். கூடப் படித்தவர், பின்னால் பெரிய ஹாலிவுட் நட்சத்திரமான பெட்டி டேவிஸ். பெட்டி டேவிஸ் அங்கே எல்லோர் கண்ணையும் கவர, லூசிலோ கூச்சத்தில் வாயே திறக்கவில்லை. பணத்தை வீணாக்க வேண்டாம் என்று பள்ளி அம்மாவுக்குச் சொல்லி அனுப்பியது. பிற்காலத்தில் அமெரிக்காவையே சிரிக்க வைத்தவரின் முதல் மதிப்பெண் இது.

பிறகு மாடலிங். நடுவில் நீண்ட நாள் படுக்கையில் போட்ட மூட்டு நோய். திரும்பவும் மாடலிங். 1933-ல் ஒரு படத்தில் கூட்டத்தோடு ஆடும் பெண்களில் ஒருவராக ஹாலிவுட்டுக்குப் போனார். அடுத்து ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவில் ஒப்பந்தம். படம் படமாக நடித்தார், ஆனால் முதல் வரிசைக்கு வரவே இல்லை. சின்ன பட்ஜெட் படங்களின் ராணி என்றே பெயர் வாங்கினார். அந்த வருடங்களை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். எம்.ஜி.எம். ஸ்டுடியோவுக்கு மாறியபோது இரண்டு விஷயங்கள் கிடைத்தன. ஒன்று, பழுப்பு முடி சிவப்பானது. இன்னொன்று, பஸ்டர் கீட்டன். மௌனப் படக் காலத்தின் மாபெரும் நகைச்சுவை நடிகர் அப்போது வாய்ப்பு குறைந்து அதே ஸ்டுடியோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். லூசிலிடம் இருந்த திறமையை அடையாளம் கண்டவர்களில் அவரும் ஒருவர். கையில் இருக்கும் பொருளை எப்படிப் பழக்குவது, உடம்பால் எப்படிச் சிரிக்க வைப்பது என்று சொல்லிக்கொடுத்தார். அந்தப் பாடம் முழுதாகப் பயன்பட இன்னும் சில வருடங்கள் ஆயின.

[திரையில்: லூசில், டெசி திருமணப் புகைப்படம், 1940.]

1940-ல் ஆர்.கே.ஓ. படம் ஒன்றில் டெசி ஆர்னாஸைச் சந்தித்தார். டெசி கியூபாக்காரர். அப்பா சாண்டியாகோ நகரத்து மேயர். 1933 புரட்சியில் சொத்து சுகமெல்லாம் இழந்து குடும்பம் அமெரிக்காவுக்கு வந்துவிட்டது. டெசி பாடி, கோங்கா மேளம் அடித்துப் பெயர் எடுத்தவர். லூசிலை விட ஆறு வயது சின்னவர். அதே ஆண்டு நவம்பர் 30-ல் கல்யாணம்.

கல்யாணம் ஆனதே தவிர, சேர்ந்து வாழ முடியவில்லை. டெசி தன் இசைக் குழுவோடு ஊர் ஊராகப் போவார், லூசில் லாஸ் ஏஞ்சலஸில் ஷூட்டிங்கில் இருப்பார். டெசிக்குக் குடிப்பழக்கம், வேறு பெண்களோடு தொடர்பு. 1944-ல் விவாகரத்து வழக்கு வரை போய்த் திரும்பினார்கள்.

இந்த நிலையில் வந்தது தொலைக்காட்சி. லூசில் 1948 முதல் சி.பி.எஸ். என்ற ஒளிபரப்பு நிறுவனத்தின் வானொலியில் ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடரில் நடித்துவந்தார். அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவரலாம் என்றது சி.பி.எஸ். சரி, ஆனால் கணவராக டெசிதான் நடிக்க வேண்டும் என்றார் லூசில். ஒரே ஊரில் ஒரே வேலை செய்தால் குடும்பம் நிற்கும் என்பது அவர் கணக்கு. சி.பி.எஸ். மறுத்தது. கியூபா உச்சரிப்போடு பேசும் ஒருவரை ஓர் அமெரிக்கப் பெண்ணின் கணவராக மக்கள் ஏற்க மாட்டார்களாம். நிஜத்தில் பத்து வருடக் கணவர் அவர்!

வாதாடிப் பயனில்லை என்று 1950-ல் இருவரும் மேடை நிகழ்ச்சி ஒன்றைத் தயாரித்து ஊர் ஊராக நடத்தினார்கள். கூட்டம் வந்தது, சிரித்தது. சி.பி.எஸ். இறங்கி வந்தது. அப்படிப் பிறந்ததுதான் 'ஐ லவ் லூசி'.

[திரையில்: அமெரிக்க வரைபடம். நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலஸும்.]

அடுத்த சிக்கல் ஊர். அன்று தொலைக்காட்சியின் தலைநகரம் நியூயார்க். பார்வையாளர்களில் பெரும்பகுதியும் கிழக்கு நகரங்களில்தான். வேறு ஊரில் நடத்தினால் கினஸ்கோப் முறையில் பதிவு செய்து அனுப்ப வேண்டும். கினஸ்கோப் என்றால் வேறொன்றுமில்லை, டிவி திரைக்கு முன்னால் ஃபிலிம் கேமராவை வைத்து எடுப்பது. படம் மங்கலாக, கலங்கலாக வரும். விளம்பரதாரரான பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனம், தன் வாடிக்கையாளர்கள் இருக்கும் பக்கத்துக்கு அந்தக் கலங்கல் படம் போவதை விரும்பவில்லை. நியூயார்க்குக்கு வாருங்கள் என்றது.

லூசிலும் டெசியும் வர முடியாது என்றார்கள். வீடு கலிபோர்னியாவில். லூசிலுக்கு நாற்பதை நெருங்கும் வயதில், பல இழப்புகளுக்குப் பிறகு முதல் குழந்தை பிறக்கவிருந்தது. அப்படியானால் சினிமாவைப் போல 35 மில்லிமீட்டர் ஃபிலிமிலேயே எடுத்து அனுப்பிவிடலாம் என்று யோசனை வந்தது. எல்லா ஊருக்கும் ஒரே தரத்தில் படம் போகும். ஆனால் செலவு கூடும். கூடுதல் செலவில் ஒரு பகுதிக்காக இருவரும் வாரம் 1,000 டாலர் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். பதிலுக்கு அந்த ஃபிலிம்களின் உரிமை எங்களுக்கு வேண்டும் என்று கேட்டார்கள். ஒளிபரப்பு முடிந்த எபிசோடுக்கு மதிப்பு இருக்கும் என்று அன்று யார் நினைத்தார்கள்? கொடுத்துவிட்டார்கள்.

இன்னொரு தேவையும் இருந்தது. எதிரே ஆட்கள் உட்கார்ந்து சிரித்தால்தான் லூசிலுக்கு நடிப்பு சூடு பிடிக்கும். சினிமா ஸ்டுடியோவில் பார்வையாளருக்கு இடம் ஏது? ஹாலிவுட்டில் ஒரு ஸ்டுடியோ தளத்தைப் பிடித்து, சுமார் 300 பேர் உட்காரும்படி படிக்கட்டு இருக்கைகள் போட்டார்கள். தீயணைப்பு விதி, சுகாதார விதி எல்லாம் பார்த்து, தெருவிலிருந்தே தனி வாசல் வைத்தார்கள்.

ஒளிப்பதிவுக்கு கார்ல் ஃபிராய்ண்ட் வந்தார். ஜெர்மனியில் 'மெட்ரோபோலிஸ்' என்ற புகழ்பெற்ற மௌனப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர்! மூன்று கேமரா ஒரே நேரத்தில் ஓடும். ஒன்று முழு அரங்கத்தைப் பிடிக்கும், மற்றவை முகத்தைப் பிடிக்கும். சினிமாவில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்கை மாற்றி வைப்பார்கள், இங்கே காட்சியை நிறுத்தவே முடியாது. அதனால் ஃபிராய்ண்ட் விளக்குகளை மேலே தொங்கவிட்டு, எந்தக் கோணத்தில் பார்த்தாலும் சீராக இருக்கும்படி ஒளியைப் பரப்பினார். பல கேமரா ஃபிலிம் படப்பிடிப்பை இவர்களுக்கு முன்னாலும் சிலர் செய்து பார்த்ததுண்டு. ஆனால் அதைப் பார்வையாளர் முன்னால், வாராவாரம் தவறாமல் நடக்கும் முறையாக நிலைநாட்டியது இந்தக் குழு. பல பத்தாண்டுகள் கழித்து வந்த 'பிரெண்ட்ஸ்' தொடரும் இதே அடிப்படையில்தான் எடுக்கப்பட்டது.

1951 அக்டோபர் 15-ல் முதல் எபிசோடு ஒளிபரப்பானது.

[திரையில்: மருந்து விளம்பரக் காட்சி. கையில் பாட்டிலும் கரண்டியும்.]

இனி அவர் நடிப்புக்கு வருவோம். 1952 மே மாதம் வந்த ஓர் எபிசோடில் லூசி, அதாவது தொடரில் லூசில் நடித்த பாத்திரம், ஒரு சத்து மருந்து விளம்பரத்தில் நடிக்கிறாள். மருந்தின் பெயர் வைட்டமீட்டாவெஜமின். வைட்டமின், இறைச்சி, காய்கறி, தாதுச் சத்து எல்லாம் சேர்ந்த டானிக். அவளுக்குத் தெரியாத விஷயம், அதில் 23 சதவீதம் ஆல்கஹால். ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஒரு கரண்டி குடிக்க வேண்டும்.

முதல் கரண்டியில் முகம் அஷ்டகோணலாகிறது. ஆனாலும் 'எவ்வளவு ருசி' என்று சிரித்துச் சொல்ல வேண்டும். அடுத்த முறை கோணல் கொஞ்சம் குறைகிறது. அப்புறம் நிஜமாகவே ருசிக்க ஆரம்பிக்கிறது. மருந்தின் பெயர் நாக்கில் சுருண்டுகொள்கிறது. கடைசியில் கரண்டியைத் தேடிப் பிடிக்கும் பொறுமையும் போய், பாட்டிலையே வாயில் கவிழ்க்கிறாள். ஒரே வசனம்தான் திரும்பத் திரும்ப வருகிறது, ஆனால் போதை ஒவ்வொரு படியாக ஏறுகிறது. எங்கேயும் ஒரு படி தாண்டி நடிக்கவில்லை. அப்போதைக்குத் தோன்றியதைச் செய்த மாதிரி நமக்குத் தெரியும். நிஜத்தில் லூசில் பால் செட்டில் புதிதாக எதையும் அவிழ்த்துவிடுபவர் அல்ல. ஜெஸ் ஓப்பன்ஹைமர், மேடலின் ப்யூ, பாப் கேரல் எழுதித் தருவதை வாரம் முழுக்க ஒத்திகை பார்ப்பார். கையில் கொடுக்கும் பொருள் தன் பேச்சைக் கேட்கும்வரை விடமாட்டார். கீட்டனிடம் கற்றது இங்கே வேலை செய்தது.

[திரையில்: 1953 ஜனவரி 19.]

அதே 1952-ல் லூசில் மறுபடி கர்ப்பமானார். கர்ப்பிணியைத் திரையில் காட்டுவதா என்று விளம்பரதாரர் தயங்க, கதையிலும் லூசிக்குக் குழந்தை பிறக்கட்டும் என்று முடிவானது. 'கர்ப்பம்' என்ற சொல்லுக்கு மட்டும் அனுமதி இல்லை. ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டன்ட் போதகர், ஒரு யூத ரபி மூவரும் கதை வசனத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தார்கள். லூசி குழந்தை பெறும் எபிசோடு 1953 ஜனவரி 19-ல் ஒளிபரப்பானது. நிஜக் குழந்தை அறுவை சிகிச்சையில் பிறந்ததும் அதே நாள்தான். சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசன்ஹோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்ற விழாவைப் பார்த்தவர்கள் சுமார் 2 கோடியே 90 லட்சம்.

அதே ஆண்டு செப்டம்பரில் எல்லாம் போயிருக்கும். கம்யூனிஸ்ட் என்ற சந்தேகமே ஒருவரின் பிழைப்பைக் கெடுக்கப் போதுமான காலம் அது. 1936-ல் லூசில் தன்னைக் கம்யூனிஸ்ட் கட்சி வாக்காளராகப் பதிவு செய்திருந்தது வெளியே வந்தது. நாடாளுமன்ற விசாரணைக் குழுவிடம் அவர் சொன்ன காரணம்: தாத்தாவைச் சந்தோஷப்படுத்தச் செய்தேன். செய்தி பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வந்தது. அந்த வாரப் படப்பிடிப்பில் டெசி பார்வையாளர் முன்னால் போய் நின்றார். லூசியிடம் சிவப்பாக இருப்பது முடி ஒன்றுதான், அதுவும் நிஜச் சிவப்பு இல்லை என்றார். கைதட்டல் எழுந்தது. பெயர் அடிபட்ட பலரின் வாழ்க்கை அந்த வருடங்களில் நாசமானது. லூசில் தப்பினார், நாட்டின் முதல் இடத்து நிகழ்ச்சி அவருடையது என்பதும் அதற்கு ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

[திரையில்: ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ வாசல், பெயர்ப் பலகை மாற்றம்.]

'ஐ லவ் லூசி' 1957-ல் முதல் இடத்தில் இருக்கும்போதே முடிந்தது. சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு வாங்கிய அந்த ஃபிலிம் உரிமை பல லட்சம் டாலருக்கு விலை போனது. வாங்கியது அதே சி.பி.எஸ். மறு ஒளிபரப்பு என்பது பெரும் பணம் தரும் தொழில் என்று எல்லோருக்கும் புரிந்தது. தம்பதியின் டெசிலூ நிறுவனம் 60 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவின் இடங்களை வாங்கியது. ஒரு காலத்தில் லூசில் சின்னச் சின்ன வேடங்களுக்காகக் காத்திருந்த அதே இடம்.

எந்தக் கல்யாணத்துக்காக இத்தனையும் செய்தாரோ, அது நிற்கவில்லை. டெசியின் குடி கூடியது. 1960 மார்ச்சில், இருவரும் சேர்ந்து நடித்த கடைசி எபிசோடை எடுத்து முடித்த மறுநாள், லூசில் விவாகரத்துக்கு மனு செய்தார்.

1962-ல் டெசியின் பங்கை வாங்கி, டெசிலூவின் தலைவரானார். அமெரிக்காவில் பெரிய தொலைக்காட்சி ஸ்டுடியோ ஒன்றை நடத்திய முதல் பெண் அவர். கணக்கு வழக்குப் பார்ப்பதில் அவருக்கு விருப்பம் இருந்ததே இல்லை. ஆனாலும் அந்த நாற்காலியில் இருந்தபோது, செலவுக்குப் பயந்து நிர்வாகத்தில் பலர் வேண்டாம் என்ற ஒரு விண்வெளித் தொடருக்குத் துணை நின்றார். அதுதான் 'ஸ்டார் ட்ரெக்'. 'மிஷன்: இம்பாசிபிள்' தொடரும் அதே கூரையின் கீழ் பிறந்தது. இரண்டும் 1966-ல் வெளிவந்தன. அடுத்த ஆண்டே ஸ்டுடியோவை 1.7 கோடி டாலருக்கு விற்றுவிட்டார்.

அதன்பின் 1974 வரை தொடர்கள். 1986-ல் வந்த கடைசித் தொடர் எட்டு எபிசோடிலேயே நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 2-ல் டெசி புற்றுநோயில் இறந்தார். ஐந்து நாள் கழித்து வாஷிங்டனில் கென்னடி மையம் லூசிலுக்கு விருது கொடுத்தது. டெசி முன்கூட்டியே எழுதிக் கொடுத்த வாழ்த்தை மேடையில் வாசித்தார்கள். 'ஐ லவ் லூசி' எனக்கு வெறும் தலைப்பாக ஒருநாளும் இருந்ததில்லை என்று அதில் இருந்தது. லூசில் 1989 ஏப்ரல் 26-ல், 77 வயதில் காலமானார்.

[திரையில்: மறுபடி சாக்லேட் பெல்ட்.]

பார்க்க ஆசைப்படுபவர்கள் 1952 செப்டம்பரில் வந்த இந்தச் சாக்லேட் எபிசோடில் தொடங்குங்கள். ஒரு சாக்லேட் உறை சுற்றாமல் தப்பினாலும் வேலை போய்விடும் என்கிறாள் மேற்பார்வைக்காரி. பெல்ட் வேகமெடுக்கிறது, மிச்சமானதெல்லாம் வாய்க்குள், சட்டைக்குள், தொப்பிக்குள் போகிறது. மேற்பார்வைக்காரி திரும்பி வந்து, பெல்ட் காலியாக இருப்பதைப் பார்த்து, இன்னும் வேகமாக ஓட்டச் சொல்கிறாள். முதல் தடவை லூசிலைப் பாருங்கள். இரண்டாம் தடவை பக்கத்தில் நிற்கும் விவியன் வான்ஸை மட்டும் பாருங்கள். துணை நடிகைக்கான எம்மி விருதை முதன்முதலில் வாங்கியவர் அவர்தான், ஏன் வாங்கினார் என்பது அந்த முகத்திலேயே தெரிந்துவிடும்.