கடலடியில் போர்க்கப்பல்: வெளிச்சத்தை விடுங்கள், நிழலைப் பாருங்கள்

வணக்கம் மக்களே! இப்போது நிற்பது நீரோடி. தமிழ்நாட்டு மேற்குக் கடற்கரையில் கடைசி ஊர். கொஞ்சம் வடக்கே நடந்தால் பொழியூர், கேரளம் வந்துவிடும். காற்று அதிகம், மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோனார் என்பது ஒலியை அனுப்பி, திரும்பி வருகிற எதிரொலியை வைத்துக் கடலடியைப் படமாக்குகிற கருவி. மூழ்கின போர்க்கப்பல்களின் சோனார் படங்களைக் காட்டியபோது, எல்லாம் செம்பு நிறத்தில் இருக்கிறதே, துருவா என்று கேட்டீர்கள். துரு இல்லை. அது மென்பொருள் பூசுகிற நிறம். பச்சை கேட்டால் பச்சை பூசும். சோனாருக்கு நிறம் தெரியாது. போன ஒலி எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பி வந்தது, அவ்வளவுதான் தெரியும்.

இங்கே படகுகளில் இருக்கிற எக்கோ என்ற கருவி நேர் கீழே ஒலியை விடும். ஆழம் தெரியும், மீன் கூட்டம் தெரியும். சைடு ஸ்கேன் சோனார் வேறு. கப்பலுக்குப் பின்னால் கேபிளில் கட்டி, கடல் தரைக்குக் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டு போவார்கள். இரண்டு பக்கமும் ஒலி சாய்வாகப் போகும். கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடுவதால், திரும்பி வந்த நேரத்தை வைத்துத் தூரம் கிடைக்கும்.

இரும்பு பளிச்சென்று தெரியும், சேறு மங்கலாக இருக்கும். ஆனால் நான் முதலில் தேடுவது நிழலை. ஒலி கப்பலில் பட்டு நின்றுவிட்டால் அதற்குப் பின்னால் இருக்கிற தரையிலிருந்து எதுவும் திரும்பாது. சாயங்கால வெயிலில் தென்னை நிழல் விழுகிற மாதிரி, கறுப்பாக நீண்டு கிடக்கும். கப்பல் வெறும் வெள்ளைத் திட்டாக இருந்தாலும், பீரங்கிக் குழாய் அந்த நிழலில் அடையாளம் தெரியும். உயரத்தையும் கணக்குப் போடலாம். சோனார் தரைக்கு 20 மீட்டர் மேலே போகிறது, அங்கிருந்து நிழலின் நுனி 120 மீட்டர், நிழலின் நீளம் 60 மீட்டர் என்று வையுங்கள். 120-ல் 60 பாதி. அப்படியென்றால் பொருளின் உயரம் 20-ல் பாதி, சுமார் 10 மீட்டர். எட்டாம் வகுப்புக் கணக்குதான்!

சரி, எங்கே தேடுவது? ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் 1941 நவம்பரில் 645 பேருடன் மூழ்கியது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை, இடத்தைச் சொல்ல ஆள் இல்லை. அதோடு சண்டை போட்ட ஜெர்மன் கப்பல் கோர்மோரானில் பலர் பிழைத்தார்கள். மூழ்கின கப்பல்களைத் தேடுகிற டேவிட் மேர்ன்ஸ் குழு அவர்களுடைய வாக்குமூலங்களை வைத்து 2008 மார்ச்சில் முதலில் கோர்மோரானைப் பிடித்தது, சில நாளில் சிட்னியையும். ஏறக்குறைய 2,500 மீட்டர் ஆழம். கருவி எவ்வளவு பெரிதானாலும், பழைய காகிதம் படித்தவர்தான் அதை எங்கே இறக்குவது என்று சொன்னார்.

என்னைத் தூங்கவிடாத படம் ஜாவா கடலுடையது. 1942 பிப்ரவரி 27 சண்டையில் மூழ்கின டச்சுக் கப்பல்கள் டி ராய்ட்டரும் ஜாவாவும். 2002-ல் முக்குளிப்பவர்கள் கண்டுபிடித்தார்கள். 2016-ல் மறுபடி போய்ப் பார்த்தால் கப்பலே இல்லை. சோனாரில் தெரிந்தது, கப்பல் கிடந்த இடத்தில் தரையில் பதிந்திருந்த பள்ளம். ஆயிரக்கணக்கான டன் இரும்பு, மாலுமிகளின் கல்லறை, காயலான் கடைச் சரக்காகப் போய்விட்டது.

அப்புறம் நம்ம பக்கத்துக்கு வருவோம். 2025 மே 25 அன்று கேரளக் கடலில் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 போர்க்கப்பல் இல்லை, 640 கண்டெய்னர் ஏற்றிய சரக்குக் கப்பல். அதிலிருந்த பிளாஸ்டிக் குருணை குமரிக் கரைவரை ஒதுங்கியது. வலை மாட்டிக் கிழிந்தால் நம் ஆட்களுக்குப் போர்க்கப்பலும் சரக்குக் கப்பலும் ஒன்றுதான். அவர்களுக்குச் சோனார் படம் வேண்டாம், ஜிபிஎஸ் எண் போதும். இரும்புத் திருடனுக்கும் அதே எண் போதும். என்னைக் கேட்டால், கண்டெய்னர் கிடக்கிற இடத்தை அன்றைக்கே படகுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும், போர்க்கப்பல் கிடக்கிற இடத்தைப் பூட்டி வைக்க வேண்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சொல்லுங்கள் மக்களே.