தேள் முத்திரை போட்ட சைலன்சர்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தபால்தலை சேகரிக்கிறேன், பழைய நாணயம் சேகரிக்கிறேன் என்று சொன்னால் கேட்பவருக்கு உடனே விளங்கிவிடும். "பழைய கார் சைலன்சர் சேகரிக்கிறேன்" என்றால் ஒரு நொடி நம் முகத்தையே பார்ப்பார்கள். அப்புறம் மழை எப்போது வரும் என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். வானொலியில் அந்தத் தொல்லை இல்லை. உங்கள் முகம் எனக்குத் தெரியாது என்பதால் தைரியமாகவே ஆரம்பிக்கிறேன்.

நான் சொல்லப்போவது இத்தாலியின் டுரின் நகரத்தில் இருந்த அபார்த் நிறுவனத்தைப் பற்றி. ஃபியட் போன்ற கார்களை மேம்படுத்திப் பந்தயத்தில் ஓடவிட்ட நிறுவனம் அது. கார் பந்தயம் தெரிந்தவர்களுக்கு அபார்த் என்றதும் சின்னஞ்சிறு ஃபியட் கார்கள் பெரிய கார்களை ஓடஓட விரட்டிய கதைகள் நினைவுக்கு வரும். அந்தக் கதைகளெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பந்தயங்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பதில் சைலன்சரில் இருக்கிறது. 1962ஆம் ஆண்டில் மட்டும் அபார்த் 2,57,000 சைலன்சர்களைச் செய்து விற்றது. அதில் 65 சதவீதம் ஏற்றுமதி. ஒரு பந்தயக் கோப்பைக்குப் பின்னால் எத்தனை ஆயிரம் புகைக்குழாய்கள் நிற்கின்றன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நிறுவனரிடமிருந்து தொடங்குவோம். கார்லோ அபார்த் 1908 நவம்பர் 15ஆம் தேதி வியன்னாவில் பிறந்தார். அப்போது பெயர் கார்ல். இத்தாலிக்குப் போனபின் கார்லோ. இளமையில் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர். 1934இல் பக்கப்பெட்டி பொருத்திய மோட்டார் சைக்கிளில் வியன்னாவுக்கும் பெல்ஜியத்தின் ஆஸ்டெண்டுக்கும் இடையே ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலோடு போட்டி போட்டு, ரயிலை முந்திக்காட்டினார். இன்றைக்குச் செய்தால் விளம்பர உத்தி என்போம். அன்றைக்கும் அது விளம்பரம்தான். தன்னை எப்படி விற்றுக்கொள்வது என்று அந்த மனிதருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது.

போருக்குப் பிறகு சிசிட்டாலியா என்ற பந்தயக் கார் நிறுவனத்தில் வேலை. அது நொடித்துப் போனது. அதன் முதலாளி அர்ஜென்டினாவுக்குப் போய்விட்டார். மிஞ்சிய கார்களையும் பாகங்களையும் வைத்துக்கொண்டு 1949 மார்ச் 31ஆம் தேதி அபார்த் தன் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். மறு வருடம் ஏப்ரல் 10ஆம் தேதி, சிசிலித் தீவின் மோன்ட்டே பெல்லெக்ரினோ மலைப்பாதைப் பந்தயத்தில் டாட்சியோ நுவோலாரி அபார்த்தின் காரை ஓட்டித் தன் பிரிவில் முதலாவதாக வந்தார். இத்தாலியர்கள் கடவுளுக்கு அடுத்தபடி வைத்துப் பேசிய ஓட்டுநர் அவர். அவருடைய கடைசிப் பந்தயம் அதுதான். ஒரு புதுக் கம்பெனிக்கு இதைவிட நல்ல போணி கிடைக்குமா?

முத்திரையாகத் தேளை வைத்தார், பிறந்தது விருச்சிக ராசி என்பதால். நம்மூர் ஜோசியர் சந்திரனை வைத்து வேறு ராசி சொல்லக்கூடும். அங்கே சூரியக் கணக்கு. சிவப்பு, மஞ்சள் கேடயத்தின் மேல் கருந்தேள்.

சரி, சைலன்சருக்கு வருவோம். எஞ்சினிலிருந்து புகை வெடித்து வெடித்து வெளியேறுகிறது. அந்தச் சத்தத்தை அடக்க, சாதாரண சைலன்சரில் தடுப்புகள் வைத்துப் புகையை முன்னும் பின்னுமாகத் திருப்பி அலைக்கழிப்பார்கள். சத்தம் குறையும். கூடவே, புகை சீக்கிரம் வெளியேற முடியாமல் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். அபார்த் தன் சைலன்சரில் நேர்க்குழாயை வைத்தார். குழாய் முழுக்கத் துளைகள், அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு, வெளியே கருப்பு வண்ணம் பூசிய தகடு. புகை நேராகப் போய்விடும். கூர்மையான சத்தத்தைப் பஞ்சு வாங்கிக்கொள்ளும். அடிக்குரல் மட்டும் வெளியே வரும். அந்த அடிக்குரலுக்குத்தான் ஜனங்கள் காசு கொடுத்தார்கள். குதிரைசக்தி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அதைத் தெருவில் யார் அளந்து பார்க்கப்போகிறார்கள்? சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. ஃபியட் 500, ஃபியட் 600, ஃபோக்ஸ்வேகன் பீட்டில், போர்ஷே 356 எல்லாவற்றுக்கும் எஞ்சின் பின்னால். அதனால் சைலன்சர் வண்டியின் அடிவயிற்றில் ஒளிந்துகொள்ளாமல் பின் பம்பருக்குக் கீழேயே தொங்கும். கருப்பு உடல், பளபளவென்று குரோம் பூசிய வால்குழாய்கள், தேள் முத்திரை. பின்னால் வருகிறவன் கண்ணில் படாமல் இருக்காது. அபார்த் விற்ற பொருள்களிலேயே ஊருக்குக் காட்டிக்கொள்ள வசதியானது இதுதான்.

சேகரிப்பவனுக்கு இங்கேதான் சிக்கல். சைலன்சர் தேய்ந்து அழியவே பிறந்த பொருள். பெட்ரோல் எரிந்தால் நீராவி உண்டாகும். வண்டி பக்கத்துத் தெரு வரைக்கும் போய்த் திரும்பினால் குழாய் முழுதாகச் சூடேறாது. நீராவி உள்ளேயே தண்ணீராகத் தங்கி, அமிலமாகி, தகட்டை உள்ளிருந்து அரித்துக்கொண்டே வரும். வெளியே வண்ணம் பார்க்க நன்றாகவே இருக்கும். விரலால் தட்டினால் ஓட்டை. அதைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்ததை மாட்டுவார்கள். லட்சக்கணக்கில் செய்த பொருளில் இன்று பயன்படுத்தாத ஒரிஜினல் ஒன்றைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. சில நூறு மட்டுமே செய்த பந்தயக் கார்களின் வரலாறு சேஸிஸ் எண் வாரியாகப் பதிவாகியிருக்கிறது. லட்சக்கணக்கில் செய்த சைலன்சருக்கு அப்படி யார் கணக்கு வைத்தார்கள்?

அதனால் என் கட்சி எப்போதும் காகிதத்தின் பக்கம். விலைப்பட்டியல், பொருத்தும் முறை அச்சடித்த தாள், கடையில் ஒட்டிய ஸ்டிக்கர், பத்திரிகை விளம்பரம். ஒரு பழைய விலைப்பட்டியலைப் புரட்டினால், எந்தெந்தக் காருக்கு அபார்த் சைலன்சர் செய்தார்கள் என்று வரிசையாக இருக்கும். ஃபியட் 1100 என்ற வரி வரும்போது கை தானாக நின்றுவிடும். நம்ம ஊர்த் தெருக்களில் பிரீமியர் பத்மினி என்று ஓடியதும் அதே ஃபியட் 1100 பரம்பரைதானே! நம்மவர்கள் வெள்ளையடித்துக் கல்யாண ஊர்வலத்துக்குப் பயன்படுத்திய வண்டியை, அங்கே ஒருவர் குழாய் மாற்றி உறும விட்டுக்கொண்டிருந்தார்.

காகிதத்தை வாங்குவதற்கு முன் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வண்ண அச்சில் படம் முழுவதும் சின்னச்சின்னப் புள்ளிகளால் ஆனது. நாலு நிறப் புள்ளிகள் பூப்போல ஒன்றையொன்று சுற்றி உட்கார்ந்திருக்கும். ஆனால் எழுத்து தனி. அதன் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல நேராக இருக்கும். இப்போது ஸ்கேன் செய்து மறு அச்சடித்தவற்றில் எழுத்தும் படத்தோடு சேர்ந்து புள்ளியாகிவிடும். அடுத்தது ஸ்டேப்பிள் கம்பி. அறுபது வருடத் தாளில் கம்பி கொஞ்சமாவது துருப்பிடித்து, சுற்றிலும் பழுப்பாகக் கறை இறக்கியிருக்க வேண்டும். தாள் பழுப்பாகவும் கம்பி பளிச்சென்றும் இருந்தால், யாரோ டீத்தண்ணீரில் நனைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பேட்ஜ் வாங்கினாலும் இதே எச்சரிக்கைதான். பழைய தரமான பேட்ஜில் வண்ணம் எனாமல். சூளையில் சுட்ட கண்ணாடிப் பூச்சு. நகத்தால் வருடினால் வழவழப்பும், சாய்த்துப் பார்த்தால் உள்ளே ஆழமும் தெரியும். பெயிண்ட் ஊற்றிய டூப்ளிகேட்டில் அந்த ஆழம் வராது.

சைலன்சருக்கு அடுத்தபடி அபார்த்தின் புகழ், மரப்பெட்டி. 1955இல் ஃபியட் 600 வெளிவந்தது. 633 சிசி, 21.5 குதிரைசக்தி. குடும்பத்தோடு மாதா கோவிலுக்குப் போய்வர அது போதும். அபார்த் அந்த எஞ்சினை 747 சிசியாக்கி, சக்தியைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கினார். இதற்கான பாகங்களை ஒரு கிட்டாகச் சேர்த்து விற்றார்: புது கிராங்க் ஷாஃப்ட், பிஸ்டன்கள், வால்வு ஸ்பிரிங், பெரிய வெபர் கார்புரேட்டர், சைலன்சர், அப்புறம் பெருமையாக ஒட்டிக்கொள்ள பேட்ஜ்கள். எல்லாம் ஒரே பெட்டியில். வாங்கியவர் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் வண்டி வேறு பிறவி எடுத்துத் திரும்பும். "சின்னதுதான், ஆனால் பொல்லாதது" என்று விளம்பரம் பேசியது. மூர்த்தி சிறிது கீர்த்தி பெரிது என்று நாம் மரியாதையாகச் சொல்வதை அவர்கள் கொஞ்சம் ரௌடித்தனமாகச் சொன்னார்கள்.

ஃபியட் 500 கதை இன்னும் சுவாரசியம். 1957இல் வந்த அந்த வண்டி முதலில் சரியாக விற்கவில்லை. 1958 பிப்ரவரியில் அபார்த் தான் மேம்படுத்திய ஒரு 500ஐ மொன்சா பந்தயத் தளத்துக்குக் கொண்டுபோய், ஏழு நாள் இரவு பகலாக, குளிர்காலத்தில், மாற்றி மாற்றி ஓட்டுநர்களை உட்கார வைத்து ஓட்டினார். சராசரி வேகம் மணிக்கு 108 கிலோமீட்டர். ஊரே அந்த வண்டியைத் திரும்பிப் பார்த்தது. பந்தயத்தில் அபார்த் ஜெயித்தால் ஃபியட் பணம் கொடுக்கும் என்று இருவருக்கும் ஏற்பாடு இருந்தது. அந்தப் பணத்தைவிட, இப்படிக் கிடைத்த பெயர்தான் கடையில் சைலன்சராகவும் பெட்டியாகவும் விலைபோனது என்பது என் எண்ணம். 1963இல் வந்த 595 கிட் இதன் அடுத்த கட்டம். எஞ்சின் அளவு சரியாகச் சொன்னால் 593.7 சிசி. கார்லோ அபார்த் 595 என்று பெயர் வைத்துவிட்டார். கடைக்காரப் புத்தி!

அந்த மரப்பெட்டிகள் இன்று எங்கே? ஆணியைப் பிடுங்கி, பாகங்களை எடுத்து, பெட்டியை அடுப்பில் வைத்திருப்பார்கள். இல்லையென்றால் ஒர்க்‌ஷாப் மூலையில் நட்டு போல்ட் போட்டு வைத்து மக்கவிட்டிருப்பார்கள். மிஞ்சியது குறைவு, அதனால் விலை ஏறிவிட்டது. இதில் ஒரு குழி இருக்கிறது, விழுந்துவிடாதீர்கள். 2007இல் ஃபியட் அபார்த் பெயருக்குப் புத்துயிர் கொடுத்தது. 2008 முதல் புதிய 500க்கான 'எஸ்ஸெஸ்ஸே' கிட்டை, பழைய ஞாபகத்துக்காகத் தேள் முத்திரை பதித்த மரப்பெட்டியிலேயே விற்றது. அந்தப் பெட்டியை வெயிலிலும் மழையிலும் சில வருடம் போட்டுவைத்தால் போதும், பார்ப்பதற்கு ஐம்பது வருடப் பெட்டி. இவற்றையும் 'பழைய ஒரிஜினல்' என்று யாராவது நீட்டினால், முதலில் ஆணியையும் மரத்தையும் பாருங்கள். ஒட்டுப்பலகை, நட்சத்திரத் தலை ஸ்குரூ, பார்கோடு ஒட்டிய தடம் எது இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நிறுவனத்தின் பிற்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1965 அக்டோபரில், 57 வயதை நெருங்கும்போது, தானே ஓட்டிச் சாதனை செய்ய வேண்டும் என்று கார்லோ அபார்த்துக்கு ஆசை. ஒற்றை இருக்கைப் பந்தயக் காருக்குள் உடம்பு நுழையவில்லை. முப்பது கிலோ இளைத்தார், பெரும்பாலும் ஆப்பிள் தின்றே. உட்கார்ந்தார், மொன்சாவில் சாதனையும் செய்தார். ஆப்பிள்களோடு அவர் நிற்கும் புகைப்படம் எனக்கு எந்தக் கோப்பையையும்விடப் பிடித்தது. 1971இல் நிறுவனத்தை ஃபியட்டுக்கு விற்றார். 1979இல் வியன்னாவில் காலமானார். ஃபியட் 131 அபார்த் 1977, 1978, 1980 ஆண்டுகளில் உலக ராலி பட்டம் வாங்கியதெல்லாம் ஃபியட் காலத்துக் கதை. மின்சாரத்தில் ஓடும் இன்றைய அபார்த் 500இல் சைலன்சரே கிடையாது. ஆனால் பெட்ரோல் எஞ்சினின் உறுமலை ஒலிபெருக்கி வழியாக வெளியே விடும் கருவி உண்டு. இதைப் பற்றி நான் ஏதாவது சொன்னால் கிழவன் புலம்புகிறான் என்பீர்கள். வேண்டாம்.

டுரினில் 2019இல் திறந்த ஹெரிட்டேஜ் ஹப் என்ற கூடத்தில் 250க்கும் மேற்பட்ட பழைய கார்களை வைத்திருக்கிறார்கள். ஃபியட், லான்சியா, அபார்த் எல்லாம் உண்டு. போகிற வாய்ப்பு கிடைத்தால் எல்லோரும் முன்பக்கம் நின்று படம் எடுக்கும்போது, நீங்கள் அபார்த்துகளின் பின்பக்கம் போய்க் குனிந்து பாருங்கள்.

புதிதாகச் சேர்க்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. முதலில் விளம்பரத் தாள்களில் தொடங்குங்கள். விலை குறைவு, வீட்டில் இடம் பிடிக்காது, ஏமாந்தாலும் சேதம் சிறிது. பழைய சைலன்சர் கிடைத்தால் வண்ணமடித்துப் புதுசாக்காதீர்கள். துருவும் அந்தப் பொருளின் சான்றிதழ்தான். லேசாக எண்ணெய் தடவினால் போதும். உள்ளே இருக்கும் பஞ்சைக் குத்திக் கிளறவே வேண்டாம். அது கண்ணாடி இழை, தோலில் பட்டால் அரித்தெடுக்கும், மூச்சில் போனால் நல்லதில்லை; முகக்கவசம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மரப்பெட்டி கிடைத்த அதிர்ஷ்டசாலிகள் தரையில் வைக்காமல் நாலு செங்கல் மேல் ஏற்றிவையுங்கள். நம்ம ஊர்க் கரையானுக்கு அபார்த் பெட்டியும் ஒன்றுதான், பழ வண்டிப் பெட்டியும் ஒன்றுதான்.

நன்றி, வணக்கம்.