ரோடு வெட்டுன பிறகு, தார் போடுறதுக்கு முன்னாடி

வணக்கம் நேயர்களே. என்னைப் பேசக் கூப்பிட்ட நிலையத்துக்கு முதல்ல நன்றி. நான் ரோடு வேலையில இருக்கிற ஒரு சைட் இன்ஜினியர், பெரும்பாலும் சென்னையிலதான் வேலை, குழாய் பதிக்க கேபிள் இழுக்கன்னு வெட்டிப் போட்ட ரோட்டை திரும்ப சரி பண்றதுதான் என் பொழப்பு. இன்னைக்கு அதைப் பத்தி மட்டும்தான் பேசப் போறேன்.

வெட்டுறதே தப்புன்னு சொல்ல வரல. 2011-ல சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டரா விரிஞ்சப்போ உள்ள வந்த ஏரியா நிறைய இடத்துல பாதாள சாக்கடை கிடையாது, குடிதண்ணி லைன் கிடையாது, அதெல்லாம் ரோட்டை வெட்டாம வராது. மழைநீர் வடிகால் வேணும், புதைவட கேபிள் வேணும், எல்லாருக்கும் ஃபைபர் நெட் வேணும், மெட்ரோ ரயில் ரெண்டாம் கட்ட வேலை நூறு கிலோமீட்டருக்கு மேல போகுது, அதுக்காக பழைய லைனை எல்லாம் ஓரமா மாத்திப் போடணும். வெட்டட்டும். வெட்டுன இடம் ஏன் அடுத்த மழைக்கே உள்வாங்குதுங்கிறதுதான் கேள்வி, அதுக்கு பதில் தார்ல இல்ல, தாருக்கு கீழ இருக்கு.

ஜனங்க பொதுவா என்ன பார்க்குறாங்கன்னா, தார் போட்டாங்களா இல்லையா, அது மட்டும்தான். "சார் வெட்டி ஒரு மாசம் ஆச்சு, இன்னும் தார் போடல"ன்னு சண்டைக்கு வருவாங்க, நியாயமான கோபம்தான், ஆனா அந்த ஒரு மாசத்துக்கு முன்னாடி ஒருநாள் சாயங்காலம் அவசர அவசரமா மண்ணைத் தள்ளி மூடினாங்களே, அன்னைக்கு யாரும் எட்டிப் பார்க்கல. ரோட்டோட தலையெழுத்து முடிவானது அந்த சாயங்காலம்தான்.

நல்லா இறுகி கிடந்த மண்ணை ஜேசிபி தோண்டி எடுத்தா அது பொலபொலன்னு ஆகி முன்ன இருந்ததை விட அதிக இடம் பிடிக்கும், களிமண்ணா இருந்தா இன்னும் கூடுதலாவே உப்பும். அதை அப்படியே ஒரே தள்ளா குழிக்குள்ள தள்ளி, மேல ஜேசிபி சக்கரத்தை ரெண்டு தடவை ஏத்தி இறக்கினா, மேல ஒரு அடி இறுகும். கீழ இருக்கிற மூணு அடியும் லூசாவே கிடக்கும். டப்பாவுல மாவைக் கொட்டி தரையில தட்டினா சரசரன்னு கீழ இறங்குமே, அதே வேலையை மழைத்தண்ணியும் பஸ் லாரி அதிர்வும் சேர்ந்து ஒரு நவம்பர் மாசத்துல பண்ணி முடிச்சிரும், மேல எவ்வளவு நல்ல தார் போட்டிருந்தாலும் அது கூடவே இறங்கும்.

இதைக் கண்டுபிடிக்க இன்ஜினியர் படிப்பெல்லாம் தேவையில்ல. குழி மூடின அன்னைக்கு ஓரத்துல எவ்வளவு மண்ணு மிச்சம் கிடக்குன்னு பாருங்க. வந்த மண்ணையே திரும்பப் போட்டு நல்லா இறுக்கினா, உள்ள போன குழாயும் அதைச் சுத்திப் போட்ட மணலும் பிடிச்ச இடத்துக்கு ஈடான மண்ணுதான் மிஞ்சணும், மேல ஜல்லிக்கு விட்ட ஆழத்துக்கும் கொஞ்சம் சேர்த்துக்கலாம். நாலு இன்ச் குழாய் போட்டுட்டு லாரி லாரியா மண்ணு வெளிய போகுது, குழியும் ரொம்பிடுச்சுன்னா, உள்ள காத்தை வச்சு மூடிட்டாங்கன்னு அர்த்தம். இடிச்ச கட்டட கழிவு, உடைஞ்ச தார் கட்டி, பிளாஸ்டிக் பை இதெல்லாம் உள்ள போயிருந்தா சொல்லவே வேணாம்.

சரியா பண்றது எப்படின்னா, குழாய்க்கு கீழயும் ரெண்டு பக்கமும் மணல் போட்டு கையாலயே திணிக்கணும், குழாயோட வயித்துக்குக் கீழ இடைவெளி இருந்துச்சுன்னா மண்ணும் இறங்கும் குழாயும் ஒடியும், அப்புறம் அதே இடத்தை திரும்ப வெட்டணும். அதுக்கு மேல மண்ணை 15 லிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு பரப்பி இறுக்கணும், அதுக்கு மேல இன்னொரு அடுக்கு, திரும்ப இறுக்கணும். இப்ப இதுக்கு பெட்ரோல்ல ஓடுற சின்ன கம்பாக்டர் வாடகைக்கே கிடைக்குது, குறுகலான பள்ளத்துக்குள்ள இறங்குற மாதிரி குதிக்கிற மெஷினும் இருக்கு, அது இல்லாத இடத்துல திமிசு கட்டை, அதாவது கையால தூக்கி மண்ணை இடிக்கிற கனமான கட்டை. திமிசு போடுறவங்க ஒழுங்கா போட்டா சின்னப் பள்ளத்துக்கு அதுவே போதும், அந்த வேலையை கேவலமா நினைக்கிற சூப்பர்வைசர்களை எனக்கு சுத்தமா பிடிக்காது, அந்தக் கைகள்தான் அந்த ரோட்டை நிக்க வைக்குது.

அடுத்தது தண்ணி. இதுலதான் அதிகமா கோட்டை விடுறாங்க. காஞ்ச மண்ணு தூளா பறக்குமே தவிர இறுகாது, சேறா இருந்தா அடிக்க அடிக்க பிதுங்கும். கொஞ்சம் ஈரம் இருக்கணும். சைட்ல நாங்க பண்றது இதுதான், ஒரு கை மண்ணை எடுத்து நல்லா பிசைஞ்சு உருண்டை பிடிக்கணும், உள்ளங்கையில தண்ணி ஒட்டக்கூடாது, உருண்டை உதிரக்கூடாது, இடுப்பு உயரத்துல இருந்து கீழ விட்டா ரெண்டு மூணு துண்டா உடையணும். அப்படியே பொடியா போச்சுன்னா தண்ணி பத்தல, தொப்புன்னு அப்பளம் மாதிரி ஒட்டிக்கிச்சுன்னா தண்ணி ஜாஸ்தி. லேப்ல இதையே அளந்து, அந்த மண்ணுக்கு எவ்வளவு அடர்த்தி வரமுடியுமோ அதுல குறைஞ்சது 95 சதவீதம் வந்திருக்கணும்னு பார்ப்பாங்க.

ஏரியாவுக்கு ஏரியா மண்ணும் மாறும். பெசன்ட் நகர் திருவான்மியூர் பக்கம் கடல் மணல், அங்க பள்ளத்தோட சுவரே சரிஞ்சு விழும், பள்ளத்துக்கு வெளிய இருக்கிற ரோடும் அடியில வெறுமையாகி தொங்கிட்டு இருக்கும், மேல இருந்து பார்த்தா தெரியாது. வேளச்சேரி பள்ளிக்கரணை பக்கம் களி, ஈரமான களியைத் திரும்ப உள்ள போட்டு இறுக்கவே முடியாது, அங்க கிராவலோ, கல்லை உடைச்சு செய்யுற எம்-சாண்ட் மணலோ வாங்கிட்டு வந்து போடணும், அதுக்கு காசு ஆகும், எஸ்டிமேட்ல அந்தக் காசை வைக்காம வேலையை மட்டும் எதிர்பார்க்கிறது நியாயமில்ல. "தண்ணி ஊத்தி விட்டா தானா செட்டில் ஆயிடும்"னு ஒரு பழக்கம் இருக்கு, மணலுக்கு அது ஓரளவு சரி, களிக்கு அது கெடுதல்.

இதுக்கு மேலதான் ஜல்லி, வெட்மிக்ஸ்னு சொல்ற தண்ணி சேர்த்த ஜல்லிக் கலவை, அப்புறம் தார். இதுல ரெண்டு விஷயம் மட்டும் சொல்லிட்டுப் போறேன். ஒண்ணு, ஓரம். பிரேக்கர் வச்சு உடைச்ச ஓரம் பல்லு பல்லா இருக்கும், அதுக்குப் பக்கத்துலயே புது தாரை ஒட்ட வச்சா அந்த இடுக்கு வழியாத்தான் முதல் மழை இறங்கும். மெஷின் வச்சு நேர்கோடா அறுக்கணும், பள்ளத்தோட அகலத்தை விட ரெண்டு பக்கமும் 15 லிருந்து 30 சென்டிமீட்டர் கூடுதலா மேல் அடுக்கை எடுக்கணும், அப்பதான் புது தாரோட ஓரம் யாரும் தோண்டாத கெட்டி மண்ணு மேல உட்காரும், அறுத்த அந்த சுவருக்கும் தார் பூசணும். இன்னொண்ணு, சூடு. பிளாண்ட்ல இருந்து வர்ற கலவை நூறு டிகிரிக்கு மேல இருக்கும்போதே ரோலர் ஓடி முடிக்கணும். தெருத் தெருவா சின்னச் சின்ன பேட்ச் போட்டுக்கிட்டே வர்ற லாரியில கடைசி தெருவுக்கு வரும்போது கலவை ஆறிப் போயிருக்கும், கையால தொட்டுப் பார்க்கிற சூட்டுல போட்ட பேட்ச்தான் ஒரே வாரத்துல ஜல்லி ஜல்லியா பேந்து வருது, டூவீலர்ல வர்றவங்க சறுக்கி விழுறது அதுலதான்.

மட்டம் பத்தியும் சொல்லணும். இறங்கப் போற ரோடுன்னு தெரிஞ்சே கொஞ்சம் மேடா போட்டு வைக்கிற வழக்கம் இருக்கு, அது வேலையை ஒழுங்கா பண்ணலன்னு முன்கூட்டியே ஒத்துக்கிற மாதிரி. மேட்டுக்கு பின்னாடி தண்ணி நிக்கும், நின்ன தண்ணி தாரைத் தின்னும். பல வெட்டு விழுந்த ரோட்டை மொத்தமா புதுசா போடும்போதும் பழசை மில்லிங் பண்ணி சுரண்டி எடுத்துட்டுதான் போடணும், 2021-ல தலைமைச் செயலாளரே இதை உத்தரவா போட்டாரு, ஏன்னா மேல மேல போட்டு ரோடு உசந்து வீடெல்லாம் பள்ளமாகி மழைத்தண்ணி வாசல் தாண்டி உள்ள வருது.

இப்ப பிளாட்பாரத்துக்கு வருவோம், இதைப் பத்தி யாரும் பேசுறதே இல்ல. ஃபைபர் கேபிளுக்காக பேவர் பிளாக்கை நோண்டி எடுத்து ஓரமா குவிப்பாங்க, பாதி உடையும், மிச்சத்தை அப்படியே லூஸ் மண்ணு மேல அடுக்கிட்டுப் போயிருவாங்க. பேவர் பிளாக் ஒண்ணை ஒண்ணு நெருக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது, நடுவுல நாலு கல்லு ஆடினா சுத்தியிருக்கிற நாப்பதும் ஆடும். கீழ ஒரே சீரா மணல் பரப்பி, கல்லை அடுக்கி, இடுக்குல மெல்லிய மணலைக் கூட்டி விட்டு, மேல மெஷின் ஓட்டணும், உடைஞ்ச கல்லுக்கு அதே கனத்துல வேற கல்லு வரணும். வயசானவங்க கால் மடங்கி விழுந்து இடுப்பு எலும்பு உடையுறது ஒரு இன்ச் தூக்கிட்டு நிக்கிற கல்லுலதான்.

அதை விட எனக்கு மனசு ஆறாத ஒண்ணு, பார்வையில்லாதவங்களுக்கான மஞ்சள் டைல்ஸ். நீளக் கோடு இருந்தா நேரா நடக்கலாம்னு அர்த்தம், வட்டப் புள்ளி இருந்தா நில்லு, முன்னாடி ஏதோ இருக்குன்னு அர்த்தம். கேபிள் போட்டு முடிச்சவங்க கோடு கல்லையும் புள்ளி கல்லையும் கலந்து, குறுக்கா நெடுக்கா எப்படியோ பதிச்சு வச்சிருந்ததை நான் பார்த்திருக்கேன், கோடு நேரா ஒரு ஜங்ஷன் பெட்டிக்குள்ள போய் முட்டுது. அதை நம்பி குச்சியைத் தட்டிக்கிட்டு வர்ற மனுஷனை நாம அந்தப் பெட்டி மேல மோத விடுறோம். எடுக்கும்போதே போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சிருந்தா அதே மாதிரி திரும்பப் பதிக்கலாம், பைசா செலவில்ல.

இவ்வளவும் தெரிஞ்சிருந்தும் ஏன் நடக்கலன்னு கேப்பீங்க. நம்ம ஊர் ஏற்பாடு எப்படின்னா, வெட்டுறவங்க மாநகராட்சிக்கு ரோடு கட் கட்டணம் கட்டிருவாங்க, குழாய் போட்டு மண்ணை மூடிட்டுப் போயிருவாங்க, மேல தார் போடுறது மாநகராட்சியோட கான்ட்ராக்டர். கீழ ஒருத்தர், மேல ஒருத்தர். ரோடு இறங்கினா மேல போட்டவர் "மண்ணு சரியில்ல"ன்னுவார், கீழ போட்டவர் "நாங்க கட்டணம் கட்டிட்டோம்"னுவார், ரெண்டு பேரும் பொய் சொல்லல, அதுதான் பிரச்சனையே. இங்கிலாந்துல 1991-ல ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, வெட்டுற கம்பெனியே மேல வரைக்கும் சரி பண்ணிக் கொடுக்கணும், ரெண்டு வருஷம் கேரண்டி, ஒன்றரை மீட்டருக்கு மேல ஆழமா வெட்டியிருந்தா மூணு வருஷம். சும்மா வாய்ப்பேச்சா விடாம, போட்ட ரோட்டுல வட்டமா துளை போட்டு அடுக்கை வெளிய எடுத்து கனம் சரியா இருக்கான்னும் பார்க்கிறாங்க. அந்த சட்டத்தை அப்படியே காப்பி அடிக்கணும்னு நான் சொல்லல, ஆனா ஒரு பள்ளத்துக்கு அடியில இருந்து மேல வரைக்கும் ஒரே ஆளு பொறுப்புங்கிறது நமக்கும் வேணும்.

அது வர்ற வரைக்கும் ஒண்ணு பண்ணலாம். தார் கான்ட்ராக்டர் வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மண்ணைச் சோதிச்சு எழுதி கையெழுத்து வாங்கணும். இதுக்கு பெரிய மெஷின் வேணாம், கூம்பு முனை வச்ச ஒரு கம்பி, அதுல 8 கிலோ சுத்தியல், 575 மில்லிமீட்டர் உயரத்துல இருந்து விடணும், ஒவ்வொரு அடிக்கும் கம்பி எவ்வளவு உள்ள இறங்குதுன்னு குறிச்சுக்கணும், ரெண்டு பேர் சேர்ந்தா ஒரு இடத்துக்கு சில நிமிஷம்தான். லூசான மண்ணுல கம்பி வெண்ணெய்ல போற மாதிரி போகும், எந்த ஆழத்துல லூசுன்னு கூட தெரிஞ்சிரும். அந்த பேப்பர் இல்லாம எந்த வெட்டு மேலயும் தார் போடக்கூடாதுன்னு ஒரு வரி வொர்க் ஆர்டர்ல சேர்த்தா போதும், இதை நான் மாநகராட்சி அதிகாரிகளுக்கு கோரிக்கையாவே வைக்கிறேன்.

தெருக்காரங்க கிட்டயும் ஒரு வேண்டுகோள். "சீக்கிரம் மூடுங்க, கார் எடுக்கணும்"னு நெருக்காதீங்க, அந்த நெருக்கல்ல தான் அடுக்கடுக்கா போட வேண்டிய மண்ணு ஒரே தள்ளுல உள்ள போகுது. ஒரு நாள் கூடுதலா கொடுங்க, ஆனா அந்த ஒரு நாளும் வாசல்ல நின்னு பாருங்க. வடகிழக்கு பருவமழைக்காக வருஷா வருஷம் நிறுத்தி வைக்கிற ரோடு கட் வேலை மழை முடிஞ்சதும் திரும்ப ஆரம்பிக்கும். உங்க தெருவுல பள்ளம் தோண்டினா போர்டுல யாரு வேலை, என்னைக்கு முடியணும்னு இருக்கான்னு பாருங்க, மூடும்போது ரெண்டு மூணு போட்டோ எடுத்து தேதியோட வச்சுக்குங்க, அடுக்கு போடாம தள்ளுறாங்கன்னா அப்பவே மாநகராட்சி புகார் எண் 1913-க்கு போன் பண்ணி புகார் நம்பர் வாங்குங்க. தார் போட்ட பிறகு பண்ற புகாருக்கு இன்னொரு பேட்ச் கிடைக்கும், அவ்வளவுதான், மண்ணு தெரியும்போது பண்ற புகாருக்குத்தான் மண்ணை வெளிய எடுத்து ஒழுங்கா போட வைக்க முடியும்.

நன்றி, வணக்கம்.