கஞ்சி போட்ட மேகம்

நேயர்களுக்கு வணக்கம்.

பாலே என்றதும் இடுப்பைச் சுற்றித் தட்டு வைத்தாற்போல நீட்டிக்கொண்டு நிற்கும் வெள்ளைப் பாவாடைதான் பலருக்கு நினைவில் வரும். அந்தத் தட்டு 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது அல்ல. உள்ளே கம்பி வளையம் கோத்து அப்படி நிற்க வைத்தது அடுத்த நூற்றாண்டு. 19ஆம் நூற்றாண்டு மேடையில் முதலில் வந்தது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே முடியும் மணி வடிவப் பாவாடை. கடைசி இருபது ஆண்டுகளில் அது முழங்கால் வரை ஏறியது, அப்போதும் ஓரம் சரிந்துதான் தொங்கியது. இந்தப் பாவாடைக்கு 'டுட்டு' என்ற பெயர்கூட அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் வழக்குக்கு வந்தது. பிட்டத்தைக் குறிக்கும் பிரெஞ்சு மழலைச் சொல்லிலிருந்து பிறந்தது என்பது பரவலான விளக்கம்.

1832 மார்ச் 12. பாரிஸ் ஆப்பெரா அரங்கில் 'லா சில்ஃபீட்' என்ற பாலே அரங்கேறுகிறது. காற்றில் வாழும் அணங்காக மரி தாலியோனி ஆடுகிறார். நடனம் அமைத்தவர் அவர் தந்தை பிலிப்போ. உடை ஓவியர் யூஜென் லாமியின் பெயரால் சொல்லப்படுகிறது: தோள் தெரியும் இறுக்கமான மேற்சட்டை, தலையில் பூ வளையம், முதுகில் சின்னச் சிறகு, கீழே அடுக்கடுக்கான வெள்ளைப் பாவாடை. அணங்கும் ஆவியும் வந்தால் வெள்ளை என்ற வழக்கம் இதன் பிறகே ஊன்றியது. 1841இல் 'ஜிசெல்' பாலே வந்தபோது இரண்டாம் அங்கம் முழுக்க வெள்ளைதான். எல்லோரும் வெள்ளைக்கு மாறிவிடவில்லை. தாலியோனிக்குப் போட்டியாக இருந்த பானி எல்ஸ்லர் 1836இல் கச்சூச்சா என்ற ஸ்பானிய நடனம் ஆடிப் புகழ்பெற்றது ரோஜா நிற சாட்டினில், கறுப்பு லேஸ் மடிப்பு வைத்து.

இனி துணியைப் பார்ப்போம். அந்தப் பாவாடைக்கு உயிர் கொடுத்தது டார்லட்டான். பருத்தி நூலை இடைவெளி விட்டு நெய்து, கஞ்சி ஏற்றிய மெல்லிய துணி. கொசுவலையும் மல்மலும் கலந்தாற்போல நினைத்துக்கொள்ளுங்கள். கூடவே டூல், நாம் 'நெட்' என்று வாங்குகிறோமே, அது. இங்கிலாந்தின் ஜான் ஹீத்கோட் 1809இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் வந்தபின் வலைத்துணி மலிந்தது. வலைத்துணியில் நூல்கள் ஒன்றையொன்று முறுக்கிப் பிடித்திருப்பதால் வெட்டிய விளிம்பு பிரியாது, மடித்துத் தைக்க வேண்டியதில்லை. டார்லட்டான் சாதாரண நெசவு. விளிம்பைப் பிடித்து வைப்பதே கஞ்சிதான்.

ஒரு பாவாடை எப்படி எழுந்து நிற்கிறது? இடுப்புச் சுற்றைப்போலப் பல மடங்கு நீளமுள்ள துணியைச் சுருக்கி இடுப்புப் பட்டியில் ஏற்ற வேண்டும். அப்படி நான்கைந்து அடுக்கு. அடியில் இருப்பது விறைப்பாக, மேலே வரவர மென்மையாக இருக்கவேண்டும். உள்ளடுக்கு ஒவ்வொன்றும் அதற்கு மேலுள்ளதைவிடச் சற்றே குட்டை. எல்லாம் ஒரே நீளமாக வெட்டினால் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து தடித்த கோடாகத் தெரியும், மேகம் போல மங்கி முடியாது. அடுக்குகளை ஒன்றோடொன்று இறுக்கித் தைத்தாலும் கெட்டது. பாவாடை ஒரே பலகையாகி, ஆடுபவர் குதித்து இறங்கும்போது மூச்சு விடாது. குதித்து இறங்கியபின் அரை நொடி பிந்தி மெல்ல அமரும் அந்தப் பாவாடைதான் உடம்புக்கு எடையே இல்லை என்ற பிரமையைத் தருவது.

கஞ்சிக்கு எதிரி ஈரம். வியர்வை இறங்கும் இடுப்போரம்தான் முதலில் துவளும், அங்கே தளர்ந்தால் கீழே முழுதும் படுத்துவிடும். துவைத்தால் கஞ்சி போய்விடும், மறுபடி ஏற்றவேண்டும். உட்கார்ந்தால் கசங்கும். அதனால் காத்திருக்கும்போது பின்பக்கத்தைத் தூக்கிவிட்டு உட்காருவது நர்த்தகிகளின் வழக்கம். இந்தச் சின்ன வழக்கத்தை நினைவில் வையுங்கள்.

அடுத்தது விளக்கு. பாரிஸ் ஆப்பெராவுக்கு எரிவாயு விளக்கு 1822இல் வந்தது. மேடை விளிம்பில் வரிசையாக எரியும் சுடர்கள் கீழிருந்து மேலாக அடிக்கும். இடைவெளி விட்டு நெய்த துணிக்குள் அந்த ஒளி புகுந்து, அடுக்குக்கு அடுக்கு சிதறும். பாவாடை உள்ளிருந்தே ஒளிர்வது போல இருக்கும். பட்டிலோ கெட்டிப் பருத்தியிலோ இது நடக்காது.

ஆனால் ஒளிக்கு வழி விட்ட அதே இடைவெளி காற்றுக்கும் வழி விட்டது. மெல்லிய பருத்தி, மேலே மாவுக் கஞ்சி, அடுக்குகளுக்கு நடுவே நிறையக் காற்று: பற்றினால் நொடியில் பரவ இதைவிட வேறென்ன வேண்டும்? 1844 டிசம்பர் 14, லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் நர்த்தகி கிளாரா வெப்ஸ்டரின் பாவாடை விளக்கில் பட்டுப் பற்றியது. மூன்றே நாளில் இறந்தார். உடன் ஆடியவர்கள் நெருங்கத் தயங்கினார்கள் என்கின்றன அக்காலச் செய்திகள். அவர்களும் அதே துணியில்தானே நின்றார்கள். 1861 செப்டம்பரில் பிலடெல்பியாவில் ஒப்பனை அறையில் தொடங்கிய தீ, நர்த்தகிகளான கேல் சகோதரிகளையும் தோழிகளையும் கொண்டுபோயிற்று.

தடுக்க வழி இல்லாமல் இல்லை. வேதியியலார் கே-லுசாக் 1821இலேயே நவச்சாரம், அமோனியம் பாஸ்பேட், வெண்காரம் ஆகியவற்றின் கரைசலில் துணியை முக்கலாம் என்று காட்டியிருந்தார். சூடேறும்போது அமோனிய உப்புகள் எரியாத வாயுவை விடும்; வெண்காரம் உருகி நூலின்மேல் கண்ணாடிப் படலமாகப் படியும். பிரான்சில் கார்ட்டரோன் என்பவரின் முறையைப் பின்பற்றும்படி 1859இல் அரசாணையே வந்தது. சிக்கல் பார்வையில்தான். உப்பேறிய துணி மங்கி மஞ்சளடித்தது, விறைத்தது, கனத்தது. அரை நொடி பிந்தி அமரும் அந்த அழகு போய்விட்டது. உப்பும் கஞ்சியைப் போலவே தண்ணீரில் கரைவது, ஆகவே ஒவ்வொரு சலவைக்குப் பின்னும் திரும்ப முக்கவேண்டும்.

தாலியோனியின் மாணவி எம்மா லிவ்ரி மறுத்தார். முதல் காட்சிகளில் வழக்கமான பாவாடையில்தான் ஆடுவேன், விளைவுக்கு நானே பொறுப்பு என்று 1860இல் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார். 1862 நவம்பர் 15, 'போர்ட்டிச்சியின் ஊமைப்பெண்' என்ற இசை நாடகத்தின் ஒத்திகை. தன் முறைக்குக் காத்திருந்தவர் கசங்காமலிருக்கப் பாவாடையைத் தூக்கி உதறி உட்கார்ந்தார். எழுந்த காற்றில் பக்கத்துச் சுடர் சாய்ந்து பற்றியது. எரிந்துகொண்டே மேடையில் ஓடியவரைத் தீயணைப்பு வீரர் ஒருவர் போர்வை போட்டு மடக்கிப் பிடித்தார். எட்டு மாத வேதனைக்குப்பின் 1863 ஜூலையில் இறந்தபோது அவருக்கு வயது இருபது. கருகி எஞ்சிய துணி பாரிஸ் ஆப்பெரா நூலக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிடிவாதம் என்று அவரைக் குறை சொல்வது எளிது. அந்த மென்மைக்குத்தான் அரங்கம் அவருக்குக் கைதட்டியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நடுவே நம் பக்கத்துச் செய்தி ஒன்று. 1838இல் கடலூருக்கு அருகிலுள்ள திருவந்திபுரத்துத் தேவதாசிகள் சிலர் பாரிஸ் மேடையில் ஆடினார்கள். அவர்களில் அம்மணி என்பவரைப் பார்த்து மயங்கி எழுதியவர் தியோபில் கோத்தியே, மூன்று ஆண்டு கழித்து ஜிசெல் கதை அமைத்த இருவரில் ஒருவர். சதங்கை கட்டிய நிஜ தாசியைப் பார்த்த பிறகும் ஐரோப்பா தன் பாவாடையை விடவில்லை. 1877இல் பீட்டர்ஸ்பர்க்கில் வந்த 'லா பயதேர்' கோயில் தாசியின் கதை. அதன் நிழலுலகக் காட்சியில் ஆவிகள் வருவது வெள்ளை வலைத்துணியில்.

பாவாடை ஏன் குட்டையானது? காலணியைக் கேட்க வேண்டும். தாலியோனி அணிந்தது மெல்லிய சாட்டின் செருப்பு. நுனியைச் சுற்றி நூலால் இழையோட்டிப் பலப்படுத்தியதுதான், உள்ளே கட்டை எதுவும் இல்லை. விரல் நுனியில் ஒரு கணம் நின்று இறங்கலாம், அவ்வளவே. நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய நர்த்தகிகள் நுனி விறைத்த காலணியோடு ரஷ்யா வந்து சுழலத் தொடங்கினார்கள். 1895இல் 'அன்ன ஏரி'யில் பியெரினா லென்யானி ஒற்றைக் காலில் 32 சுழற்சி போட்டார். நீண்ட பாவாடையில் இது நடக்காது: உடம்பு நின்றபின்னும் துணி சுற்றிக்கொண்டே போய்க் காலைப் பின்னும். முழங்கால் வேலை பார்வையாளருக்குத் தெரியவும் தெரியாது. 1885இல் பீட்டர்ஸ்பர்க் வந்த விர்ஜீனியா சுக்கி, அங்கே வழக்கத்திலிருந்த நீளத்தை ஏற்காமல் குட்டையாகவே உடுத்தினார். அதே பத்தாண்டில் அரங்குகளுக்கு மின்விளக்கு வரத் தொடங்கி, சுடரின் பயமும் விலக ஆரம்பித்தது.

அக்காலத்துப் பாவாடையைப் பார்க்க விரும்புவோர் பெரும்பாலும் பிரெஞ்சு ஓவியர் டெகாவின் 'பதினான்கு வயதுச் சின்ன நர்த்தகி' சிலையிடம்தான் போவார்கள். 1881இல் காட்சிக்கு வைத்த மெழுகுச் சிலைக்கு அவர் நிஜத் துணியே உடுத்தியிருந்தார். இன்று பல ஊர்களில் இருப்பவை அவர் இறந்தபின் வார்த்த வெண்கலப் பிரதிகள். துணி நைந்துபோக, அருங்காட்சியகங்கள் புதிது மாற்றியிருக்கின்றன; ஓரிடத்தில் முழங்காலைத் தொடும், இன்னோரிடத்தில் தொடைக்கு மேலே நிற்கும். ஆகவே தையலுக்கு அளவு எடுக்க அந்தப் பிரதிகளை நம்ப வேண்டாம். டெகாவின் ஓவியங்களில் படிக்கட்டிலும் பெஞ்சிலும் பாவாடையின் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பாருங்கள். சரியான நீளம் அங்கே கிடைக்கும்.