"ஐ ஆம் போரிங்" என்று சொல்லியிருக்கிறீர்களா? தவறு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்!

வேலைக்கான நேர்காணல். "இந்த வேலையில் ஆர்வம் உண்டா?" என்று கேட்கிறார்கள். "ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங்" என்று பதில் வருகிறது. சொன்னவர் நினைத்தது, "எனக்கு மிகுந்த ஆர்வம்." கேட்டவர் காதில் விழுந்தது, "நான் மிகவும் சுவாரசியமான ஆள்."

வணக்கம் நண்பர்களே! விதியை ஒரே வரியில் முடித்துவிடுகிறேன். உணர்வைக் கிளப்புவதற்கு 'இங்', உணர்வுக்கு ஆளானவருக்கு 'எட்'. படம் போரிங், பார்த்தவர் போர்ட்.

பள்ளியிலேயே படித்த விதிதான். பிறகு ஏன் தடுமாறுகிறோம்? "படம் போர் அடிக்கிறது", "எனக்குப் போர் அடிக்கிறது" என்ற இரண்டையும் சொல்லிப் பாருங்கள். வினை ஒன்றேதான். யாருக்குச் சலிப்பு என்பதை 'எனக்கு' என்பதில் இருக்கும் 'கு' காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்தக் 'கு' கிடையாது. அங்கே பாரம் முழுவதும் சொல்லின் வாலில்தான்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

[திரையில்: சமைத்த ______]

சமைத்த அம்மா, சமைத்த சோறு, சமைத்த சட்டி, சமைத்த இடம், சமைத்த நேரம். 'சமைத்த' அசையவே இல்லை! இதுதான் நம் பெயரெச்சம். செய்பவர், கருவி, இடம், செயல், காலம், செய்பொருள் என ஆறுக்கும் அது பொதுவாகப் பொருந்தும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. எவ்வளவு அழகான சிக்கனம்! ஆங்கிலத்தில் 'குக்ட் ரைஸ்' என்றால் சமைத்த சோறு. அதே அச்சில் 'குக்ட் மதர்' என்று வார்த்தால், அம்மாவையே வேகவைத்ததாகிவிடும்!

ஆகவே தடுமாறுகிறவர்களைத் தயவுசெய்து கேலி செய்யாதீர்கள். அவர்கள் மனத்தில் தமிழ் இலக்கணம் சரியாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு வழி சொல்கிறேன். ஆங்கிலத்தில் பேசுமுன் தமிழில் நினையுங்கள். 'எனக்கு', 'அவளுக்கு' என்று 'கு' ஒட்டி வருகிறவருக்கு 'எட்' போடுங்கள். எனக்குக் குழப்பமாக இருக்கிறது: ஐ ஆம் கன்ஃபியூஸ்ட். கேள்வியே குழப்புகிறதா? கன்ஃபியூசிங்.

கடைசியாக, தெருமுனையில் இரண்டு நாய்கள். ஒன்று 'ஃப்ரைட்டனிங் டாக்', மற்றொன்று 'ஃப்ரைட்டண்ட் டாக்'. ஒன்று பல்லைக் காட்டி உறுமுகிறது. மற்றொன்று வாலைச் சுருட்டிக்கொண்டு காருக்கு அடியில் பதுங்கியிருக்கிறது. எது எந்த நாய்? கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.